பிலிப்பைன்ஸ் பாடல்களின் இசைத்தாள்: தேடிப் பெறுவது முதல் மேடையேற்றுவது வரை

பிலிப்பைன்ஸ் பாடல்களைத் தம் பாடகர் குழுவுக்கோ தனிக் கச்சேரிக்கோ எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒலிப்பதிவுகள் எளிதில் கிடைத்துவிடும். நம்பிப் பாடக்கூடிய இசைத்தாள்தான் கிடைக்காது. எங்கள் குழுவின் ஒரு முழு நிகழ்ச்சிக்காக அந்நாட்டின் பாடல்களைத் திரட்டியபோது, எந்தத் தாளை எங்கே கேட்பது, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையெல்லாம் ஒருங்கே சொல்ல ஆளில்லாமல் நான் மிகவும் அலைந்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் இருக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிகழ்ச்சிக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பாகவே முதல் படியைத் தொடங்குங்கள்.

1. எந்த வகைப் பாட்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா வகைக்கும் இசைத்தாள் இருக்காது. தனிக் குரலும் பியானோவும் சேர்ந்த குந்திமான் என்னும் காதற்பாடல்களுக்கு இசையமைப்பாளரே எழுதிய முழுத் தாள் உண்டு. புதியவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது. பஹாய் கூபோ, லெரோன் லெரோன் சிந்தா போன்ற நாட்டுப்பாடல்களின் மெட்டும் சொற்களும் யாருடைய தனியுடைமையும் அல்ல, ஆனால் நீங்கள் வாங்கும் நான்கு குரல் வடிவம் அதை அமைத்தவருடைய உடைமை. திரைப்பாடல்களும் அண்மைக் காலப் பாடல்களும் பெரும்பாலும் உரிமை உள்ளவை. இசைக்கருவிக் குழு வைத்திருப்பவர்கள், பந்தூரியா, லவுத், ஒக்டாவினா, கிட்டார், பாஸ் ஆகிய தந்திக் கருவிகள் சேர்ந்த ரொந்தாலாவுக்கு எழுதப்பட்ட தாள்களைத் தனியாகத் தேட வேண்டும்.

தெற்கே மகிந்தனாவோ, மரனாவோ மக்கள் வாசிக்கும் குலிந்தாங் என்னும் குமிழ்மணி வரிசைக்கு இந்த வழிகாட்டி உதவாது. அது காதால் கேட்டுக் கற்கும் இசை. ஒவ்வொரு மணித்தொகுதிக்கும் சுருதி வேறாக இருப்பதால் ஐந்து கோட்டு நொட்டேஷனில் அதை எழுதினால் பியானோவில் வாசிக்கக் கிடைப்பது வேறொன்றாகவே இருக்கும். அதைக் கற்க ஆசிரியரைத் தேடுங்கள், தாளைத் தேடாதீர்கள். பழங்குடிச் சமூகங்களின் சடங்குப் பாடல்களை மேடையில் பாட நினைப்பவர்கள் அந்தச் சமூகத்தின் முன்கூட்டிய ஒப்புதலைப் பெற வேண்டும். இதற்கான அடிப்படை, 1997ஆம் ஆண்டின் 8371ஆம் எண் குடியரசுச் சட்டம். ஒப்புதல் பெற மாதக் கணக்கில் ஆகும் என்பதால் முதல் நிகழ்ச்சியில் அவற்றைச் சேர்க்காதிருப்பது நல்லது.

2. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பெயர்களைக் கண்டறியுங்கள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. இதற்கு வேண்டிய அளவு நேரம் கொடுங்கள். ஒரு தாளில் மெட்டு அமைத்தவர், சொற்கள் எழுதியவர், குரல்களுக்கோ கருவிகளுக்கோ அதை அமைத்துக் கொடுத்தவர் என மூவரின் உழைப்பு இருக்கிறது. மூவரின் பெயரையும், முதல் இருவர் மறைந்த ஆண்டையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டால் செலவு, அனுமதி, காலம் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். பெயர் தெரியாத தாளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம், நாட்டுப்பாடல் என்ற முத்திரை. பீகோல் மொழிப் பாடலான சாருங் பங்கி பல தொகுப்புகளில் ஆசிரியர் பெயரின்றி நாட்டுப்பாடலாக அச்சாகியிருக்கிறது. ஆனால் அதை அமைத்தவர் அல்பாய் மாகாணத்தைச் சேர்ந்த பொட்டென்சியானோ கிரிகோரியோ. அவர் 1939இல் மறைந்தார். கிறிஸ்துமஸ் காலத்தில் நாடெங்கும் ஒலிக்கும் அங் பாஸ்கோ அய் சுமாப்பிட் பாடலின் மெட்டோ 1933இல் செபுவில் விசென்டே ரூபி அமைத்தது. முதலில் அதற்கு மரியானோ வெஸ்டில் எழுதிய செபுவானோ மொழிச் சொற்கள் இருந்தன, தகலோக் சொற்களை லெவி செலேரியோ பின்னாளில் எழுதினார். இதை ஊரார் பாட்டு என்று நிகழ்ச்சித்தாளில் அச்சிடுவது அந்த மூவருக்கும் செய்யும் அநீதி.

இரண்டாவது சிக்கல் தலைப்பில் வரும். தொலோரஸ் பாட்டெர்னோ 1879இல் இயற்றிய பியானோ இசை, லா ஃப்ளோர் டி மனிலா என்ற ஸ்பானியத் தலைப்பிலும் சம்பகீட்டா என்ற பெயரிலும் வழங்குகிறது. ஒன்றை மட்டும் தேடினால் மற்றொன்றின் கீழ் இருக்கும் பிரதி தவறிவிடும். பித்துயிங் மரிக்கிட் என்று தேடினால் நிக்கனோர் அபெலார்தோவின் குந்திமானும் வரும், அதே பெயரில் வந்த திரைப்படமும் வரும். அந்தப் படத்துக்காக எழுதப்பட்டது மைக் வெலார்தேயின் தாஹில் சா இயோ என்ற வேறு பாடல். ஆகவே தாளைக் கேட்டு எழுதும்போதெல்லாம் தலைப்போடு இசையமைப்பாளர் பெயரையும் பாடலின் முதல் அடியையும் சேர்த்தே எழுதுங்கள். ஸ்பானியர் கால எழுத்துமுறையில் சீ (C) என்னும் எழுத்து வந்த இடங்களில் பிற்காலத்தில் கே (K) வந்ததால், நூலகப் பட்டியல்களில் தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் இட்டுப் பார்க்க வேண்டும்.

3. உரிமைக் காலத்தைக் கணக்கிடுங்கள்

1998 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 8293ஆம் எண் குடியரசுச் சட்டத்தின்படி, பிலிப்பைன்ஸில் பதிப்புரிமை படைப்பாளியின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். அந்த 50 ஆண்டுகள், மறைந்ததற்கு அடுத்த ஜனவரி முதல் நாளிலிருந்து எண்ணப்படும். இருவர் சேர்ந்து படைத்ததென்றால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டையே எடுக்க வேண்டும்.

இதை வைத்துப் பாருங்கள். முட்யா நங் பாசிக், நசான் கா இரோக் ஆகிய குந்திமான்களைத் தந்த அபெலார்தோ 1934இலும், அனாக் தலித்தா, மதலிங் ஆராவ் ஆகியவற்றை இசையமைத்த பிரான்சிஸ்கோ சாந்தியாகோ 1947இலும் மறைந்தார்கள். அனாக் தலித்தாவுக்குச் சொற்கள் தந்த டியோக்ராசியாஸ் ரொசாரியோ 1936இலும், மதலிங் ஆராவை எழுதிய கவிஞர் ஹோசே கொராசோன் டி ஹேசுஸ் 1932இலும் மறைந்தார்கள். அதனால் சாந்தியாகோவின் இவ்விரண்டு பாடல்களும் பிலிப்பைன்ஸில் இசை, சொல் இரண்டிலும் உரிமைக்காலம் முடிந்தவை. புதியவர்கள் இவற்றிலிருந்து தொடங்கினால் செலவும் கடிதப் போக்குவரத்தும் வெகுவாகக் குறையும். அபெலார்தோவின் பாடல்களுக்கு, ஒவ்வொன்றிலும் சொல்லாசிரியர் யார் என்று பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு பாயான் கோ. அதன் சொற்களும் டி ஹேசுஸ் எழுதியவைதாம்; ஆனால் இசையமைத்த கான்ஸ்டான்சியோ டி குஸ்மான் 1982இல் மறைந்ததால், பாடலை 2032 முடியும்வரை உரிமை உள்ளதாகவே நடத்த வேண்டும். லூசியோ சான் பெட்ரோ இசையமைத்து லெவி செலேரியோ சொல் எழுதிய சா உகோய் நங் துயான் என்ற தாலாட்டை உலகின் பல குழுக்கள் பாடுகின்றன. இருவரும் 2002இல் மறைந்தவர்கள் என்பதால் அதன் உரிமை 2052 முடிவுவரை உண்டு. தாஹில் சா இயோவின் வெலார்தே 1986இல் மறைந்தார். அதற்கு 2036 முடியும்வரை விடுதலை இல்லை.

நீங்கள் பாடப்போகும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் படைப்பாளி மறைந்தபின் 60 ஆண்டு, சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 70 ஆண்டு, மலேசியாவில் 50 ஆண்டு. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற வேறு கணக்கு நடக்கிறது.

உரிமைக்காலம் முடிந்த பாடலிலும் இரண்டு கட்டுப்பாடுகள் எஞ்சும். அபெலார்தோவின் மெட்டு எல்லோருக்கும் பொதுவானாலும், அதை இன்று வாழும் ஒருவர் நான்கு குரலுக்கு அமைத்திருந்தால் அந்த அமைப்பு அவருடையது. அடுத்து, பிலிப்பைன்ஸ் சட்டத்தில் 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், படைப்பாளியின் பெயரைச் சொல்லும் கடமைக்குக் காலவரம்பே இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விதி.

4. தாள் இருக்கும் இடங்களைத் தேடுங்கள்

மணிலாவுக்குப் போக முடிந்தவர்கள் மூன்று இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: எர்மிட்டாவில் டி. எம். காலாவ் தெருவிலுள்ள தேசிய நூலகம்; கெசோன் நகரின் திலிமானில், அபெலார்தோவின் பெயரைத் தாங்கிய அரங்கக் கட்டடத்தில் இயங்கும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக இசைக் கல்லூரியின் நூலகம்; மகாத்தியில் அயாலா அருங்காட்சியகத்தோடு சேர்ந்த பிலிப்பினாஸ் மரபு நூலகம். மூன்றாவதில் இருக்கும் ஹிமிக் என்ற இசைத் தொகுப்பின் பழைய ஒலிப்பதிவுகள், தாளில் ஐயம் வந்த இடங்களைக் காதால் சரிபார்க்க உதவும். எழுதப்படாத மரபிசையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதே பல்கலைக்கழகத்தின் இனவிசையியல் மையம் உண்டு. ஹோசே மசேடாவின் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது, 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற தொகுப்பு அது. பிலிப்பைன்ஸ் பண்பாட்டு மையத்தின் முதன்மைக் கட்டடம் 2023இன் தொடக்கத்தில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டதால், அங்கே போக நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் போகும்போது கடவுச்சீட்டும் அதன் நகலும், உங்கள் நிறுவனத்தின் தலைப்புத்தாளில் எழுதிய அறிமுகக் கடிதமும், தேடும் பாடல்களின் பட்டியலும் கையில் இருக்கட்டும். பல்கலைக்கழக நூலகங்களுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, எந்தத் தாள் வேண்டும், எதற்காக வேண்டும், பார்க்க மட்டுமா, நகலும் வேண்டுமா என்று தெளிவாக எழுதுங்கள். பொதுவாகக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமல் நான் காத்துக்கிடந்ததுண்டு. தலைப்பும் பெயரும் முதல் அடியும் குறித்து எழுதியபிறகே பதில்கள் வரத் தொடங்கின. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரத்தில் நாடே விடுமுறையில் இருக்கும்; டிசம்பரிலும் வேலை நகராது.

போக முடியாதவர்கள் ஐஎம்எஸ்எல்பி எனப்படும் பெட்ருச்சி இசை நூலகத்தில் தேடலாம். அது கனடாவின் சட்டப்படி நடப்பது. அங்கே இறக்கிக்கொள்ளக் கிடைப்பதால் உங்கள் நாட்டிலும் பாடலாம் என்று பொருளாகாது. தனியார் ஏற்றிவைத்த கையெழுத்துப் படங்களையும், ஒலிப்பதிவைக் கேட்டு யாரோ எழுதிய தாள்களையும் நம்பிப் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

5. நகல் எடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

ஒரு பிரதி வாங்கி முப்பது பேருக்கு நகலெடுத்துக் கொடுப்பது பாடகர் குழுக்களில் வழக்கமாகிவிட்டது. தனிப்பட்ட ஆய்வுக்காக ஒரே ஒரு நகல் எடுக்கலாம் என்று பிலிப்பைன்ஸ் சட்டம் பொதுவாக அனுமதித்தாலும், அந்தச் சலுகையிலிருந்து இசைத்தாளை நகலெடுப்பதைப் பெயர் குறிப்பிட்டே விலக்கியிருக்கிறது. முதல் முறை உரிமை மீறலுக்கே 1 முதல் 3 ஆண்டு சிறையும் 50,000 முதல் 1,50,000 பெசோ வரை அபராதமும் உண்டு.

எனவே விலை கேட்கும்போது ஒரு பிரதியின் விலையை மட்டும் கேட்காமல், பாடுவோர், பியானோ வாசிப்பவர், நடத்துநர் எல்லோரையும் சேர்த்து எத்தனை பிரதி வேண்டும் என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். மின்வடிவில் வாங்கினால் எத்தனை பிரதிகள் அச்சிடலாம் என்பது ரசீதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உரிமைக்காலம் முடிந்த பாடலானாலும், ஒரு பதிப்பாளர் அண்மையில் அச்சிட்ட பக்கத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது, ஏனெனில் அச்சுக்கோப்பின் உரிமை பதிப்பாளருக்குத் தனியாக உண்டு. பழைய அசல் தாளைப் பார்த்து மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் நீங்களே மீண்டும் எழுதிவிட்டால் பிரதிச் செலவு அச்சுக்கூலியோடு முடிந்துவிடும். நான்கு பக்கப் பாடலை எழுதி, பியானோவில் வாசித்துப் பிழை திருத்த ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள்.

6. நிகழ்த்தும் அனுமதியைத் தனியாகப் பெறுங்கள்

தாள் வாங்கியதால் மேடையில் பாடும் உரிமை வந்துவிடாது. பிலிப்பைன்ஸில் நிகழ்ச்சி நடந்தால், 1965இல் தொடங்கிய பில்ஸ்காப் என்னும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் சங்கத்திடம் உரிமம் பெற வேண்டும். வெளியே நடந்தால் அந்தந்த நாட்டுச் சங்கத்தை அணுகுங்கள். இந்தியாவில் ஐபிஆர்எஸ், சிங்கப்பூரில் காம்பஸ். விண்ணப்பத்துக்கு நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம், இருக்கை எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம், பாடல் பட்டியல் ஆகியவை வேண்டும். இரண்டாம் படியில் எழுதிய மூன்று பெயர்ப் பட்டியல் இங்கே அப்படியே பயன்படும். கட்டணம் அரங்கின் அளவையும் நுழைவுச்சீட்டின் விலையையும் பொறுத்து மாறும் என்பதால், இவை முடிவாகாமல் விண்ணப்பித்தால் மீண்டும் எழுத நேரும். நேரலையில் ஒளிபரப்புவதற்கும் ஒலிப்பதிவாக வெளியிடுவதற்கும் உரிமங்கள் வேறு. அவை தேவையா என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தனிப்பட்ட முறையில் கட்டணமின்றிப் பாடுவதற்கும், அறப்பணி நிறுவனத்துக்கோ சமய நிறுவனத்துக்கோ மட்டுமேயாகப் பாடுவதற்கும் பிலிப்பைன்ஸ் சட்டம் விலக்கு தருகிறது. இந்த விலக்கை விரித்துப் பொருள் கொள்ளாதீர்கள். உணவகத்தில் வானொலியை ஒலிக்கவிடுவதும் பொது நிகழ்த்தலே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. நுழைவுச்சீட்டு விற்கும் கச்சேரிக்குத் தயக்கமே வேண்டாம், உரிமம் பெற்றுவிடுங்கள்.

குரல் அமைப்பாளர் உயிரோடிருந்தால் அவருக்கு நேரடியாகவும் எழுதுங்கள். என் அனுபவத்தில் அலுவலகங்களைவிட அவர்களே விரைவாகப் பதில் தந்தார்கள். சிலர் அச்சுப் பிழைகளையும் திருத்தி அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான வேண்டுகோளை ஆகஸ்டுக்குள் அனுப்பிவிடுங்கள். அங்கே கிறிஸ்துமஸ் காலம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். அதன்பின் எல்லோருக்கும் அதே பாடல்கள் வேண்டியிருக்கும்.

7. பழைய அசல் தாள் வாங்கினால்

பழம்பொருள் கடைகளில் போருக்கு முந்திய அச்சுத்தாள்களும் கையெழுத்துப் பிரதிகளும் எப்போதாவது கிடைக்கும். 10066ஆம் எண் பண்பாட்டு மரபுச் சட்டத்தின்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணங்கள் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதப்படக்கூடியவை. அவற்றை நாட்டிலிருந்து எடுத்துச் செல்வதற்கான விண்ணப்பத்தை, புறப்படும் நாளுக்கு 30 நாள் முன்பே கொடுக்க வேண்டும். ஒரு வாரப் பயணத்தில் இது நடக்காது. பாடுவதற்குத்தான் வேண்டும் என்றால் நல்ல ஒளிப்படம் போதும். அசல் அங்கேயே இருக்கட்டும்.

8. தேசிய கீதத்தைப் பாடுவதானால்

1998ஆம் ஆண்டின் 8491ஆம் எண் சட்டப்படி, பிலிப்பைன்ஸ் தேசிய கீதமான லுப்பாங் ஹினிராங்கை ஹூலியன் பெலிப்பேயின் இசையமைப்பின்படியே இசைக்க வேண்டும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தேசிய மொழியிலேயே பாட வேண்டும். மீறினால் 5,000 முதல் 20,000 பெசோ வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் விருப்பப்படி சுரம் சேர்த்த குழு அமைப்புகளை இந்தப் பாடலில் தொடவே வேண்டாம்.

9. ஒத்திகைக்கு முன் தாளைச் சரிபாருங்கள்

குந்திமான் பெரும்பாலும் மூன்றெண்ணித் தாளத்தில் நடக்கும். முதற்பகுதி மைனரில் தொடங்கி, பிற்பகுதியில் அதே ஆதார சுரத்தின் மேஜருக்கு மாறும். இரங்கலிலிருந்து உறுதிக்குச் செல்லும் அந்தத் திருப்பத்தில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. உங்கள் தாளில் நடுவே சுருதிக் குறி மாறவில்லை என்றால் அது எளிமைப்படுத்திய பிரதியாகவோ பிழையான பிரதியாகவோ இருக்கலாம். வேறொரு பிரதியோடு ஒப்பிடாமல் பாடகர்களிடம் கொடுக்காதீர்கள். பாடகருக்காகச் சுருதியை ஏற்றி இறக்கியிருந்தால் மைனர், மேஜர் இரு பகுதிகளும் ஒரே அளவில் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தகலோக் சொற்களை அம்மொழி பேசும் ஒருவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த அசைக்கு அழுத்தம் என்பதில் பொருளே மாறக்கூடும், ஆனால் அச்சுத்தாளில் அழுத்தக் குறி இருக்காது. ரொந்தாலாவுக்கு வாங்குகிறவர்கள், பிலிப்பைன்ஸ் பந்தூரியாவுக்கு 14 தந்திகள் என்பதை நினைவில் கொண்டு, ஸ்பானியப் பந்தூரியாவுக்கு எழுதிய தாளை வாங்கிவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

நிகழ்ச்சித்தாளை அச்சுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு தலைப்பின் கீழும் இசை, சொல், குரல் அமைப்பு என மூன்று வரிகள் வரட்டும். நிகழ்ச்சி முடிந்ததும், உண்மையில் பாடிய பாடல்களின் பட்டியலைத் திருத்தி உரிமைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பணம் உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேருவது அந்தப் பட்டியலை வைத்துத்தான். அனுமதிக் கடிதங்கள், ரசீதுகள், பிரதி எண்ணிக்கை ஆகியவற்றைப் பாட்டுவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடலைப் பாடும்போது இரண்டாம், மூன்றாம் படிகளை மறுபடி செய்ய வேண்டியிருக்காது. ஆறாம் படியை மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.